கைக்கெட்டும் தரையில் காரீயம்

வேலூர் நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். குழந்தைகளுக்கு 15 மாதம் ஆனபோதும் 24 மாதம் ஆனபோதும் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். முடிவுகள் 2014இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளிவந்தன. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராம் என்ற அளவை 15 மாதத்தில் 45 சதவீதக் குழந்தைகளும், 24 மாதத்தில் 46 சதவீதக் குழந்தைகளும் எட்டியிருந்தார்கள். முதல் சோதனையில் அளவு கூடியிருந்த 65 பேரில் 45 பேருக்கு ஒன்பது மாதம் கழித்தும் அது கூடியே இருந்தது.

அந்த ஆய்வில் வியப்பு தருவது இன்னொரு விவரம். காரீயம் கூடியிருக்கும் வாய்ப்பு எந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அதிகம் என்று பார்த்தபோது, மொசைக்கோ டைல்ஸோ பதித்த தரையும் குழாய்க் குடிநீரும் உள்ள வீடுகளே முன்னால் நின்றன. மண் தரை, அழுக்கு, வறுமை, நோய் என்று நாம் ஒரு சங்கிலி பின்னி வைத்திருக்கிறோம். அந்தச் சங்கிலி இங்கே அறுந்துபோகிறது. தரைக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஓர் ஆய்வு காட்டினால், தரையே காரணம் என்று ஆகிவிடாது. டைல்ஸ் போட வசதியுள்ள வீட்டில் எனாமல் பெயின்ட், பிளாஸ்டிக் குழாய், இன்வெர்ட்டர் என வேறு பலவும் சேர்ந்தே வந்திருக்கும். ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: ஒரு வீட்டைக் கண்ணால் பார்த்து அங்கே காரீயம் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது. காரீயம் ஏழ்மையோடு வந்ததல்ல. மனிதர்கள் செய்து விற்ற பொருள்களோடு வந்தது.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவை. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்செம்பு செய்வதும் வெள்ளீயம். அது வேறு உலோகம். இந்தக் கட்டுரை பேசுவது பேட்டரிக்குள் இருக்கும் காரீயத்தைப் பற்றி. வெள்ளீயத்தின் விலை பல மடங்கு அதிகம் என்பதால் அதில் காரீயத்தைக் கலப்பதும் உண்டு. ஆகவே ஈயம் பூசுகிறவர் எதைப் பூசுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தறி வீட்டின் தரை

வேலூருக்குத் தெற்கே ஆரணி. ஆரணிக்கும் தெற்கே, வந்தவாசியிலிருந்து போளூருக்குப் போகும் வழியில் சேத்துப்பட்டு. லூர்து மாதா கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். ஆரணிப் பட்டு என்ற பெயரில் கடைக்கு வரும் சேலைகளில் பல, ஆரணி நகரத்தில் மட்டுமல்லாமல் தேவிகாபுரம், சேத்துப்பட்டு என்று சுற்றுவட்டாரம் முழுவதும் பரவியுள்ள வீட்டுத் தறிகளில் நெய்யப்படுபவை.

இந்த வட்டாரத்தில் காரீயத்தைப் பற்றிப் பேசும்போது தறி வீட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டும் பாவும் ஆபத்தானவை என்று யாரும் எண்ண வேண்டாம். கவனிக்க வேண்டியது வீட்டின் அமைப்பை. தொழிற்சாலைக்கு ஒரு வாசல், வீட்டுக்கு ஒரு வாசல் என்ற பிரிவு இங்கே இல்லை. கூடத்தின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்கிறது. குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து குழிக்குள் கால் தொங்கவிட்டு மிதிக்கிறார். பக்கத்தில் ராட்டை சுற்றுகிறது. அடுத்த அறையில் அடுப்பு. இரவில் அதே கூடத்தில் பாய் விரிக்கிறார்கள். தவழும் குழந்தை பகல் முழுதும் இருப்பதும் அங்கேதான். தறிச் சட்டத்துக்கு அடியிலும் குழிக்குள்ளும் ஈரத்துணி போட்டுத் துடைப்பது எளிதல்ல. விலை உயர்ந்த பட்டுப் பாவு விரிந்திருக்கும் இடத்தில் தண்ணீர் தெளிக்கவும் தயங்குவார்கள். விளக்குமாறுதான் கதி. உலர்ந்த விளக்குமாறு நுண்ணிய தூசியை வெளியேற்றாது. எழுப்பிவிட்டு மறுபடி படிய வைக்கும்.

ஆகவே வெளியிலிருந்து காரீயம் ஒருமுறை உள்ளே வந்தால் இத்தகைய வீட்டில் அது நெடுநாள் தங்கும். வெளியிலிருந்து அது எப்படி வரும் என்பதற்கு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் 1970களில் நடந்த ஆய்வு நல்ல சான்று. காரீயம் உருக்கும் ஆலைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. குழந்தைகள் யாரும் ஆலைக்குப் போனதில்லை. தந்தையின் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிய தூசி வீட்டுக்கு வந்து தரையில் படிந்திருந்தது. தறி ஓட்டும் குடும்பத்திலும் எல்லோரும் நெசவாளர்களாக இருப்பதில்லை. நெசவில் கூலி போதாமல் ஒரு மகன் மெக்கானிக் கடைக்கும், இன்னொருவர் பெயின்ட் அடிக்கவும், மற்றொருவர் காயலான் கடைக்கும் போவது எந்தச் சிறு நகரத்திலும் காணக்கூடியது.

பட்டோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு கண்ணியும் உண்டு. பழைய பட்டுச் சேலைகளை விலைக்கு வாங்கி, சரிகையை எரித்து வெள்ளி எடுக்கும் வியாபாரம் ஊர் ஊராக நடக்கிறது. வெள்ளியைக் காரீயத்தோடு சேர்த்து உருக்கிப் புடமிட்டுத் தூய்மையாக்குவது உலகெங்கும் வழங்கிவந்த தொன்மையான முறை. அந்த முறை கையாளப்படும் இடம் எதுவானாலும் அதன் புகையும் சாம்பலும் சுற்றியுள்ள மண்ணில் விழும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு மண்

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தை உலகத்தை வாயால் அறிகிறது. தரையில் கைவைத்துத் தவழ்கிறது. அந்தக் கை வாய்க்குப் போகிறது. கீழே விழுந்த முறுக்குத் துண்டை எடுத்துத் தின்கிறது. இப்படி ஒரு குழந்தை விழுங்கும் மண்ணும் தூசியும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும் என்பது சூழல் நலத் துறையில் வழங்கும் மதிப்பீடு. மண் தின்னும் பழக்கமுள்ள குழந்தைகளுக்கு இது பல மடங்கு கூடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் மண்ணில் 400 மைக்ரோகிராம் காரீயம், அதாவது 400 பிபிஎம் இருப்பதாகக் கொள்வோம். 2001 முதல் அமெரிக்காவில் குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு வகுக்கப்பட்டிருந்த அபாய எல்லை இதுதான். 100 மில்லிகிராம் மண் விழுங்கும் குழந்தைக்கு அதிலிருந்து நாளொன்றுக்குக் கிடைப்பது 40 மைக்ரோகிராம். குழந்தையின் உணவு வழியாக வரும் காரீயத்துக்கு அதே நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவோ நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம். சட்டம் பொறுத்துக்கொண்ட மண், உணவுக்கான அளவைப்போல் பதினெட்டு மடங்கைத் தந்துகொண்டிருந்தது. 2024இல் அந்நாட்டுச் சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கான வழிகாட்டு அளவை 200 பிபிஎம்முக்கு இறக்கியது. வீட்டுத் தரைத் தூசிக்கான அளவும் இதே போக்கில் இறங்கியது: ஒரு சதுர அடிக்கு 2001இல் 40 மைக்ரோகிராம், 2019இல் 10, 2024இல் 5.

விழுங்கியது முழுவதும் ரத்தத்துக்குப் போவதில்லை என்பது உண்மை. பெரியவர்களின் குடல் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே காரீயத்தை உறிஞ்சும். சிறு குழந்தையின் குடலோ பாதி வரை உறிஞ்சிக்கொள்ளும். வயிறு காலியாக இருந்தாலும், உடலில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தாலும் உறிஞ்சுவது மேலும் கூடும். இரும்பை உள்ளே கொண்டுசெல்லும் அதே வாயில் வழியாகத்தான் காரீயமும் நுழைகிறது. இரும்பு வராதபோது உடல் அந்த வாயில்களைப் பெருக்குகிறது, காரீயம் புகுந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வேலூர் ஆய்விலும் 15 மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. 24 மாதத்தில் ரத்தசோகையும் காரீயமும் சேர்ந்தே காணப்பட்டன. ஒரே மண்ணில் விளையாடும் இரண்டு குழந்தைகளில் சத்துக் குறைந்த குழந்தைக்கே நஞ்சு அதிகம் ஏறுகிறது.

உடலுக்குள் நடப்பது

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். இது எவ்வளவு சிறிய அளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அந்த ரத்தம் முழுவதிலும் கலந்திருக்கும் காரீயம் ஒரு தூள் உப்புக் கல்லின் எடைகூட இருக்காது.

அவ்வளவு சிறிய அளவு ஏன் கேடு செய்கிறது? உடல் காரீயத்தைக் கால்சியம் என்று எடுத்துக்கொள்வதால். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவது கால்சியத்தின் வழியாக. முதல் சில ஆண்டுகளில் மூளை கோடிக்கணக்கான இணைப்புகளை உண்டாக்கி, வேண்டாதவற்றைக் களைகிறது. அந்த வேலைக்கு நடுவே காரீயம் புகுந்து தவறான சைகை தருகிறது. ரத்தத்தில் கலந்த காரீயம் மாதக்கணக்கில் குறைந்துவிடும்; ஆனால் எலும்பில் படிந்தது பல பத்தாண்டுகள் கிடக்கும். பெண் குழந்தையின் எலும்பில் தங்கியது அவள் கருவுறும்போது கரைந்து அடுத்த தலைமுறைக்கும் போகும்.

பாஸ்டன் முதல் கொசோவோ வரை ஏழு இடங்களில் 1,333 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் புரூஸ் லான்ஃபியரும் அவரது குழுவினரும் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ரத்தக் காரீயம் 2.4இலிருந்து 10 மைக்ரோகிராமாக உயரும்போது அறிவுத்திறன் அளவீட்டில் 3.9 புள்ளிகள் குறைந்தன. 10இலிருந்து 20க்கு உயரும்போது 1.9, 20இலிருந்து 30க்கு 1.1. இழப்பின் பெரும்பகுதி முதல் படியிலேயே நடந்துவிடுகிறது. ‘இதற்குக் கீழே இருந்தால் கவலை இல்லை’ என்று சொல்ல ஓர் எல்லைக்கோடு இல்லை என்பது இதன் பொருள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையங்கள் 1991இல் 10 என்றும், 2012இல் 5 என்றும், 2021இல் 3.5 என்றும் ஒப்பீட்டு அளவை இறக்கிக்கொண்டே வந்தன.

சென்னையின் நிலையை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஹார்வர்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் எழுதினார்கள். 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அளவு கூடக்கூட ஆசிரியர்கள் குறித்துத் தந்த கவனச் சிதறலும் பதற்றமும் கூடின. பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர் வேறு: படிப்பு வராதவன், துடுக்கு, சொன்னால் கேளாதவன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தழும்பு இல்லை. அதனால் இந்த நஞ்சுக்கு நோயாளியும் இல்லை, வழக்கும் இல்லை.

எங்கிருந்து வந்தது

மண்ணில் இயற்கையாகவே காரீயம் கொஞ்சம் உண்டு. பெரும்பாலும் சில பத்து பிபிஎம் அளவில். அதற்கு மேல் இருப்பது மனிதர்கள் சேர்த்தது. காரீயம் தனிமம் என்பதால் மக்குவதில்லை. மழையில் எளிதில் ஆழத்துக்கு இறங்குவதும் இல்லை. மேல்மண்ணில் சில அங்குலத்துக்குள்ளேயே கிடக்கும். விழுந்த ஆண்டு மறந்துபோகும், விழுந்தது இருக்கும்.

முதல் வரவு பெட்ரோல். என்ஜின் தட்டாமல் ஓட 1920களில் அமெரிக்காவில் தொடங்கிய காரீயக் கலப்பு உலகெங்கும் பரவியது. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995இல் காரீயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே ஆனது. பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் அறக்கட்டளை 1990களின் இறுதியில் சென்னை, வேலூர் உட்பட ஏழு நகரங்களில் சோதனை நடத்தியது. 12 வயதுக்குட்பட்ட நகரக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக 1999இல் அறிவித்தது. பெட்ரோல் மாறியபின் காற்று மாறியது. சாலையோர மண் மாறவில்லை. லாரியும் பேருந்தும் ஓடுவது டீசலில் என்பதால் அந்தப் பழியில் அவற்றுக்குப் பங்கில்லை. கார், ஸ்கூட்டர், ஆட்டோ பெருகிய பெருநகரச் சாலைகளோடு ஒப்பிட்டால் சேத்துப்பட்டு போன்ற ஊர்களில் இந்தப் படிவு குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது பெயின்ட். மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் பெயின்டுகளில் நிறத்துக்காகவும் விரைவில் உலரவும் காரீயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், வராந்தாக் கைப்பிடிகளில் வெயிலில் பொடிந்த பெயின்ட் குழந்தைகளின் விரல் வழியாக வாய்க்குப் போகிறது என்று 1904இலேயே எழுதினார். அவருடைய குவீன்ஸ்லாந்து மாநிலம் 1922இல் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. விதி வந்தது புதிய டப்பாவுக்கு மட்டுமே. அதற்குமுன் சன்னல் கம்பியிலும் கேட்டிலும் கதவிலும் அடித்தது அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசியாகி அது வீடெங்கும் படிவது அப்போதுதான். வெள்ளையடித்த சுண்ணாம்புச் சுவரில் இந்த ஆபத்து இல்லை. நாம் பழமை என்று ஒதுக்கியதில் நஞ்சில்லை; முன்னேற்றம் என்று பூசியதில் இருந்தது. வேலூர் ஆய்வின் டைல்ஸ் தரையைப் புரிந்துகொள்ள இது உதவக்கூடும்.

அங்கே குழாய்த் தண்ணீர் தட்டுப்பட்டதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் பிவிசி குழாய்கள் பலவற்றில் வெப்பம் தாங்குவதற்காகக் காரீயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டுவந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன இந்த விவகாரத்துக்குப்பின் 2021இல் தனி விதிகள் வந்தன.

மூன்றாவது பேட்டரி. இன்று உலகில் பயன்படும் காரீயத்தில் பெரும்பங்கு போவது இதற்குத்தான். ஒரு கார் பேட்டரியில் ஏறத்தாழ 10 கிலோ காரீயம். இன்வெர்ட்டர் பேட்டரியில் இன்னும் கூடுதல். 2008க்குப்பின் தமிழ்நாடு பட்ட மின்வெட்டில் சிற்றூர்க் கடைகளுக்கும் வீடுகளுக்கும் இன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் அதன் பேட்டரி செத்துப்போகும். பழையதைக் கொடுத்தால் காசு. உரிமம் பெற்ற ஆலைக்குப் போனால் காரீயம் முறையாக மீளும். கொல்லைப்புறத்தில் கோடரியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகட்டைத் திறந்த உலையில் உருக்கினால் என்ன ஆகும் என்பதை செனகல் நாட்டின் தக்கார் நகரையொட்டிய தியாரோய் காட்டியது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். பேட்டரிக் கழிவு கலந்த மண்ணைச் சலித்து விற்பது அப்பகுதிப் பெண்களின் பிழைப்பாக இருந்தது. வீட்டுக்கு வெளியே மண்ணில் 3,02,000 பிபிஎம் வரையிலும், வீட்டுக்குள் 14,000 பிபிஎம் வரையிலும் காரீயம் இருந்தது. பழைய பேட்டரியை விற்பனையாளரே திரும்பப் பெற வேண்டும் என்று இந்தியாவில் 2001 முதல் விதி உண்டு. 2022இல் அது விரிவாக்கப்பட்டது. விதி இருந்தும் பழைய பேட்டரிக்குக் காயலான் கடையில் கூடுதல் விலை கிடைத்தால் அது அங்கேதான் போகும்.

மண் எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் வேறு சான்று வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு முதலாளி போனபிறகும் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. உலோகம் வேறு, பாடம் ஒன்று.

மருந்தும் துடைப்பமும்

ரத்தத்தில் காரீயம் கூடிவிட்டால் மருந்து கொடுத்து இறக்கிவிடலாமே என்று தோன்றும். அதையும் சோதித்திருக்கிறார்கள். 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு சக்சிமர் என்ற மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மருந்து ரத்தக் காரீயத்தைக் குறைத்தது. ஆனால் 2001இல் வெளியான முடிவுப்படி, அறிவுத்திறனிலோ நடத்தையிலோ இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. உயிருக்கு ஆபத்தான அளவில் மருந்து உயிரைக் காக்கும். பொதுவாக 45 மைக்ரோகிராமைத் தாண்டும்போது அதைக் கொடுக்கிறார்கள். மூளையில் நடந்துவிட்டதை அது திருப்பித் தருவதில்லை.

அடுத்த யோசனை, தாய்மார்களுக்கு அறிவுரை. கை கழுவுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், செருப்பை வெளியே விடுங்கள். எல்லாம் நல்ல பழக்கங்களே. ஆனால் இத்தகைய வீட்டளவு முயற்சிகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வுரை, அறிவுரையும் வீட்டுத் தூசிக் கட்டுப்பாடும் மட்டும் குழந்தைகளின் ரத்தக் காரீயத்தைக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை என்றே முடிவு செய்தது. வெளியே மண் அப்படியே இருக்கும்போது, தந்தையின் சட்டை அப்படியே வரும்போது, துடைத்த தரையில் மறுநாள் மறுபடி படியும். பாவோட்டி, நூல் சுற்றி, சமைத்து, குழந்தையும் பார்க்கும் ஒரு தறி வீட்டுப் பெண்ணிடம், ஊர் சேர்த்த நஞ்சைத் துடைக்கும் பொறுப்பையும் கொடுப்பது நியாயமும் அல்ல, பயனும் அல்ல.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். குழந்தையின் ரத்தத்தைச் சோதித்து, கூடியிருந்தால் விசாரிப்பது என்ற வரிசை தலைகீழானது. அந்த வரிசையில் குழந்தையே அளவுகோல் ஆகிறது. அளவு தெரியவரும்போது இழப்பும் நடந்து முடிந்திருக்கும். முதலில் சோதிக்க வேண்டியது தரையையும் மண்ணையும்.

மண்ணுக்கு ஓர் அட்டை

அதற்கு வழி இல்லாமல் இல்லை. 2015 முதல் நாடெங்கும் மண்வள அட்டை வழங்கப்படுகிறது. விவசாயி கொண்டுவரும் மண்ணில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று 12 அம்சங்களைப் பார்க்கிறார்கள். இந்த வட்டாரத்து வயலின் மண்ணில் துத்தநாகம் குறைவா என்று சொல்ல ஏற்பாடு இருக்கிறது. அங்கன்வாடி முற்றத்து மண்ணில் காரீயம் கூடுதலா என்று சொல்ல இல்லை. துத்தநாகத்தையும் தாமிரத்தையும் அளக்கும் அணு உட்கவர் நிறமாலைமானி, உலோகத்துக்கு ஒரு விளக்கை மாற்றிப் பொருத்தி அளக்கும் கருவி. காரீயத்துக்கான விளக்கைப் பொருத்தி, மண்ணை அமிலத்தில் கரைக்கும் முறையைச் சேர்த்தால் அதே கருவி காரீயத்தையும் அளக்கும். கையில் எடுத்துச்செல்லும் எக்ஸ்ரே கருவி கொண்டு கதவுப் பெயின்டையும் மண்ணையும் நின்ற இடத்திலேயே பார்க்கவும் முடியும்.

ஒரு தாலுகாவுக்கு வேண்டிய வேலைத்திட்டம் பெரிதல்ல. அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி முற்றங்களின் மேல்மண். பேட்டரிக் கடை, காயலான் கடை, உலை இருந்த அல்லது இருக்கும் இடங்களைச் சுற்றிய மண். தறி வீடுகளில் சில நூறு தரைகளின் துடைப்பு மாதிரி. இவற்றை முதலில் எடுத்து, அளவு கூடிய இடத்தில் மட்டும் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்க்கலாம். கூடியிருக்கும் முற்றத்தில் மேல்மண்ணை அகற்றி நல்ல மண் பரப்புவதோ, சிமென்ட் போட்டு மூடுவதோ சிற்றூராட்சியின் கைக்கு எட்டிய வேலை. அங்கன்வாடிக் கதவில் பழைய பெயின்ட் இருந்தால் தேய்க்காமல் அதன்மேலேயே புதியதைப் பூசலாம்; எடுத்தே தீர வேண்டுமென்றால் நனைத்துத் தேய்க்கலாம், குழந்தைகள் இல்லாத விடுமுறையில். முட்டையும் கீரையும் இரும்பு மருந்தும் ஏற்கெனவே அரசு கொடுப்பவை. காரீயத்தை எதிர்க்கவும் அவையே துணை என்று தெரிந்தால் கொடுப்பதில் கவனம் கூடும்.

மூலத்தை அடைத்தால் பலன் விரைவில் தெரியும் என்பதற்கு அண்டை நாட்டிலேயே சான்று இருக்கிறது. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்றக் காரீயக் குரோமேட் கலந்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வங்கதேசத்தின் ஐசிடிடிஆர்பி நிறுவன ஆய்வாளர்களும் சான்றை வைத்தார்கள். அரசு சோதனை நடத்தி அபராதம் விதித்தது, வணிகர்களுக்கு அறிவித்தது. 2021இல் அந்த விகிதம் பூஜ்யமானது. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தக் காரீயம் ஏறத்தாழ 30 சதவீதம் இறங்கியது. அமெரிக்காவிலும் 1970களின் பிற்பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சராசரி 15 மைக்ரோகிராமாக இருந்தது. பெட்ரோலிலிருந்தும் பெயின்டிலிருந்தும் காரீயத்தை விலக்கியபின் இன்று ஒன்றுக்கும் கீழே. இரு நாடுகளிலும் குழந்தைகளுக்கு யாரும் மருந்து கொடுத்து இதைச் சாதிக்கவில்லை.

உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக யுனிசெஃபும் பியூர் எர்த் என்ற தொண்டு அமைப்பும் 2020இல் மதிப்பிட்டன. இந்தியாவின் பங்கு மட்டும் 27 கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய எண் செயலற்று நிற்கத்தான் வைக்கும். ஆனால் வேலை நடக்க வேண்டியது ஊரளவில், முற்றத்தளவில். வயல் மண்ணைச் சோதிக்க வசதி வாய்க்கப்பெற்ற மாவட்டம் குழந்தைகள் தவழும் மண்ணையும் சோதிக்கலாம். அதற்குத் தேவைப்படுவது புதிய அறிவியல் அல்ல. வேளாண்மைத் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மாதிரி எடுக்கும் படிவத்தில் காரீயம் என்று ஒரு வரி சேர்ப்பது.